மருந்தாளுநர் கல்வி: ஓர் ஆய்விதழின் ஓராண்டு



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மில் பலருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. ஊரிலிருந்து வந்திருக்கும் வயது முதிர்ந்த தாயோ தந்தையோ, மருத்துவர் எழுதித் தந்த சீட்டுடன் தெருமுனை மருந்துக் கடைக்குச் செல்கிறார். கடையில் இருப்பவர் மாத்திரை அட்டைகளை எடுத்து உறையில் இட்டு, தம் மொழியில் இரண்டொரு சொல் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கத் திரும்பிவிடுகிறார். மருத்துவரின் அறிவு, மருந்தை ஆக்கிய தொழிற்சாலையின் திறமை, அதைச் சோதித்த ஆய்வுக்கூடத்தின் உழைப்பு ஆகிய யாவும் அந்த இரண்டொரு சொல்லில்தான் வந்து முடிகின்றன. அச்சொல் புரியாமற் போனால் முன் நடந்தவையெல்லாம் வீண். சில வேளைகளில் தீங்காகவும் முடியும்.

அந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டுமென்று மருந்தாளுநருக்குக் கற்பித்தவர் யார்? அப்படிக் கற்பிப்பதே நன்று என்று அந்த ஆசிரியருக்கு எடுத்துக்காட்டியது எது? முதற் கேள்விக்கு விடை, பார்மசிக் கல்லூரி. இரண்டாவது கேள்விக்கு விடை காண முயல்வதுதான் மருந்தாளுநர் கல்வி பற்றிய ஆய்விதழ். வட இந்திய நகரம் ஒன்றில் பார்மசிக் கல்லூரி ஆசிரியனாகப் பணிபுரியும் நான், அத்தகைய காலாண்டிதழ் ஒன்றன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்று ஓராண்டு நிறைவுற்றிருக்கிறது. அந்த ஓராண்டில் கண்டவற்றையும் கற்றவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

“மருந்தைப் பற்றிய ஆராய்ச்சி கேள்விப்பட்டிருக்கிறோம், மருந்தைப் பற்றிக் கற்பிப்பதிலும் ஓர் ஆராய்ச்சியா?” என்று நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்வியே. ஒரு மாத்திரை வயிற்றில் எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று அளப்பது ஒரு வகை ஆராய்ச்சி. அந்த மாத்திரையை உணவுக்கு முன் உண்ண வேண்டுமா, பின் உண்ண வேண்டுமா என்பதை நோயாளியின் மனத்திற் பதியுமாறு சொல்ல ஒரு மாணவனைப் பழக்குவது எப்படி என்று அளப்பது மற்றொரு வகை. முன்னது நன்கு நடந்து பின்னது நடவாவிடில், நல்ல மருந்து தவறான கையில் சேர்கிறது.

இக்கல்வி நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1860-ஆம் ஆண்டு வாக்கிலேயே மருந்து கலக்கும் முறையைக் கற்பிக்கும் வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம், மருந்து விற்பதற்கு இன்ன படிப்பு வேண்டும் என்ற நாடு தழுவிய விதி ஏதும் இருக்கவில்லை. போலி மருந்துகளும் தரங்குறைந்த மருந்துகளும் மலிந்த நிலையில், 1930-இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அக்குழு அறிக்கை தந்தது. மருந்துகளுக்குச் சட்டமும், மருந்து வழங்குவோருக்கு முறையான கல்வியும் தேவையென அது வற்புறுத்தியது. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் இத்துறைக் கல்விக்கு வித்திட்டார். 1937-இல் அது பட்டப்படிப்பாக மலர்ந்தது. 1940-இல் மருந்துச் சட்டமும், 1948-இல் பார்மசிச் சட்டமும் வந்தன. 1949-இல் இந்திய பார்மசிக் கவுன்சில் அமைந்தது. 2008-இல் ஐந்தாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக ஆறாண்டு கொண்ட பார்ம்.டி. பட்டம் தொடங்கிற்று. மருந்தைக் கலப்பவர் என்ற நிலையிலிருந்து, நோயாளியின் அருகில் நின்று அறிவுரை கூறுபவர் என்ற நிலைக்கு மருந்தாளுநர் வந்து சேர்ந்த பயணத்தின் மைல்கற்கள் இவை.

இதழ்களும் இப்பயணத்தில் உடன் வந்தன. ஷ்ராஃப் அவர்களே 1939-இல் இந்திய பார்மசி ஆய்விதழைத் தொடங்கினார். பார்மசி ஆசிரியர்களுக்கென்றே ஓர் இந்தியக் கல்வி இதழ் 1967 முதல் வெளிவருகிறது. அமெரிக்காவில் இதற்கு முன்னரே, 1937-இல், ரூஃபஸ் லைமன் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பார்மசூட்டிகல் எஜுகேஷன்’ தோன்றியிருந்தது. நம் நாட்டில் பட்டப்படிப்புத் தொடங்கிய அதே ஆண்டு அது என்பது கருதத்தக்கது.

ஒரு கல்வி இதழால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவேன். அந்த அமெரிக்க இதழில் 1989-இல் ஹெப்ளர், ஸ்டிராண்ட் என்னும் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் மருந்தாளுநரின் கடமை முடிந்துவிடாது. அம்மருந்தால் நோயாளிக்கு விளையும் பயனுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் சாரம். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை உலகெங்கும் பார்மசிப் பாடத்திட்டங்களை மாற்றியமைத்த எழுத்துகளுள் ஒன்றாயிற்று. ஆசிரியர்கள் படிக்கும் ஓர் இதழில் விழுந்த விதை, மருத்துவமனை வார்டுகளில் முளைத்தது.

இனி, ஓர் ஆய்விதழ் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பார்ப்போம். வார இதழுக்குக் கதை அனுப்புவது போல இங்கும் கட்டுரைகள் வருகின்றன. ஆயின் பதிப்பாசிரியருக்குப் பிடித்திருக்கிறது என்பதனால் மட்டும் ஒரு கட்டுரை இங்கே ஏறிவிட முடியாது. 1665-இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்ற அறிவியல் இதழைத் தொடங்கிய காலத்திலிருந்து, கற்றோரின் கூற்றைக் கற்றோரே சோதிக்கும் வழக்கம் சிறிது சிறிதாக வளர்ந்து இன்று ஒரு நெறியாகிவிட்டது. கட்டுரை வந்ததும் நான் ஒருமுறை படிக்கிறேன். எங்கள் துறைக்கு உரியதுதானா, பிறர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறதா, மாணவர்களிடம் சோதனை செய்யுமுன் அறநெறிக் குழுவின் அனுமதி பெற்றார்களா என்று பார்க்கிறேன். பின்னர் எழுதியவர் பெயரை மறைத்து, அத்துறையில் தேர்ந்த இருவருக்கு அனுப்புகிறேன். அவ்விருவர் பெயரும் எழுதியவருக்குத் தெரியாது. அவர்கள் குறை நிறைகளை எழுதி, ஏற்கலாம், திருத்தலாம், மறுக்கலாம் என்று பரிந்துரைப்பார்கள். முடிவு பதிப்பாசிரியருடையது, பழியும் அவருடையதே.

இதில் முதல் இடர், மதிப்பாய்வாளர் கிடைப்பதுதான். இப்பணிக்கு ஊதியம் இல்லை. பெயர்கூட வெளியே தெரிவதில்லை. பகலெல்லாம் வகுப்பெடுத்து, மாலையில் விடைத்தாள் திருத்தி, இரவில் முன்பின் அறியாத ஒருவருடைய கட்டுரையை வரி வரியாகப் படிக்க யாருக்கு மனம் வரும்? ஒரு கட்டுரைக்கு எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று கேட்டு, இருவர் இசைந்தால் அன்று எனக்கு நல்ல நாள். இசைந்தவருள்ளும் ஒருவர், “நன்றாக இருக்கிறது, வெளியிடலாம்” என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுவார். அந்த ஒரு வரியால் எவருக்கும் பயனில்லை. மற்றொருவர் இரண்டு பக்கம் எழுதுவார். இதழின் உயிர் அந்த இரண்டாம் வகையாரிடந்தான் இருக்கிறது.

அடுத்த இடர், எது சான்று என்பது. பயிற்சி ஒன்றன் பயனை நான்கு படிகளாகப் பகுத்துக் காணலாம் என்று 1959-இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் எடுத்துரைத்தார். பயின்றோர் மகிழ்ந்தனரா என்பது முதற்படி. கற்றனரா என்பது இரண்டாம் படி. கற்றதைப் பணியிடத்தில் கைக்கொண்டனரா என்பது மூன்றாம் படி. அதனால் இறுதியில் நற்பயன் விளைந்ததா என்பது நான்காம் படி. எங்களிடம் வரும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை முதற்படியிலேயே அமர்ந்துவிடுகின்றன. “இப்புதிய முறை மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது” என்பார்கள். பிடித்திருக்கலாம், விடுமுறையும் மாணவர்களுக்குப் பிடிக்கும். கற்றார்களா என்பதன்றோ கேள்வி?

கற்றதை அளக்கவும் வழிகள் உள. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-இல் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். மாணவன் வரிசையாக அமைந்த பல நிலையங்களைக் கடந்து செல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் சில நிமிடந்தான் நேரம். ஒன்றில் நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் மருந்தை விளக்க வேண்டும். மற்றொன்றில் மருத்துவச் சீட்டிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். தேர்வாளர் கையில் முன்பே வகுத்த பட்டியல் இருக்கும், அதன்படியே மதிப்பெண். ஏட்டில் எழுதத் தெரிந்தவனுக்கும் எதிரில் நிற்பவரிடம் பேசத் தெரிந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை இம்முறை காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவக் கல்விக்காகத் தோன்றிய இம்முறை இன்று பார்மசிக் கல்வியிலும் பரவியிருக்கிறது.

இவ்வளவும் நெறி. இனி நிகழ்ந்ததைக் கூறுகிறேன்.

நான் பொறுப்பேற்ற முதற் காலாண்டில், ஒரு சிற்றூர்க் கல்லூரியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஆங்கிலம் தடுமாறிற்று, அட்டவணைகள் ஒழுங்காக இல்லை. அதன் பொருள் இது: மருந்தை விளக்கிய பின், “புரிந்ததா?” என்று கேளாமல், “வீட்டிற்குப் போய் இதை எப்படி உண்பீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்” என்று நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்யும் முறையை ஒரு வகுப்பு மாணவர்க்குப் பழக்கியிருந்தார்கள். அவ்வூரில் வேற்று மொழி பேசும் தொழிலாளர் பலர் என்பதால், பிறமொழியாளரிடம் பேசுவதற்குச் சிறப்புப் பயிற்சியும் தந்திருந்தார்கள். மதிப்பாய்வாளருள் ஒருவர் மொழி மோசம் என்று சொல்லி மறுத்துவிட்டார். மற்றவர் மருத்துவமனை வார்டில் பணிபுரியும் மருந்தாளுநர். அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். “இம்முறையை நாளையே என் வார்டில் கையாள்வேன், ஆனால் பயிற்சி பெறாத மாணவரோடு ஒப்பிட்டுக் காட்டாமல் ‘இதனால் பிழை குறைந்தது’ என்று எழுதியிருப்பதை ஏற்கமாட்டேன்” என்பது அவர் முடிவு.

வேலை மிகுதியாக இருந்த நாள் அது. மறுப்புக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் தறுவாயில் கை தயங்கிற்று. காரணம், என் தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கினார். மூட்டு வாதத்திற்காக மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்நோய்க்கு அதை வாரம் ஒருமுறைதான் உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் இரத்த அணுக்கள் குன்றி, உயிருக்கே ஆபத்து நேரும். இப்பிழை பல நாடுகளில் நிகழ்ந்து, மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் மீண்டும் மீண்டும் எச்சரித்து வந்திருக்கும் ஒன்று. நான் கல்லூரிக்குச் சென்றிருந்த வேளையில் அவரே கடைக்குப் போய் அதை வாங்கி வந்தார். கடைக்காரர் தம் கடமையைச் செய்யாமலில்லை. “ஹஃப்தே மே ஏக் பார்” என்று இந்தியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். என் தாயாருக்குத் தெரிந்த இந்தி, காய்கறி வாங்கப் பயன்படும் எண்கள் மட்டுமே. ‘ஏக்’ என்பது புரிந்தது. ‘ஹஃப்தா’ என்றால் வாரம் என்பது தெரியாது. தலையசைத்து வாங்கி வந்துவிட்டார். ஆறாம் நாள் வாயெல்லாம் புண். “ஒரு தடவைன்னுதானேப்பா சொன்னான், தவறாம ஒரு தடவைதான் போட்டுக்கிட்டேன்” என்றார். மருத்துவமனையில் சேர்த்து, மாற்றாக ஃபோலினிக் அமிலம் செலுத்தி, நாட்கணக்கில் கவனித்தபின் பிழைத்தார். மருந்தியல் கற்பிக்கும் ஆசிரியன் வீட்டில் நடந்தது இது. உறையைப் பிரித்துப் பாராத குற்றம் எனக்கும் உண்டு.

“எப்படி உண்பீர்கள், சொல்லுங்கள்” என்று கடையில் ஒருவர் கேட்டிருந்தால், தாயார் “தினம் ஒன்று” என்று விரலைக் காட்டியிருப்பார். பிழை அந்த இடத்திலேயே வெளிப்பட்டிருக்கும். அச்சிற்றூர்க் கட்டுரை கற்பிக்க முனைந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

ஆனால் இங்கே எனக்கு மற்றோர் அச்சம் பிறந்தது. என் வீட்டுத் துயரத்தால் என் மனம் அக்கட்டுரையின் பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மனத்தோடு தீர்ப்பளிப்பது முறையா? துலாக்கோலைப் பிடிக்கும் கை நடுங்கினால் நிறை பொய்யாகும். ஆகவே ஆசிரியர் குழுவிடம் நடந்ததைச் சொல்லி, அக்கட்டுரையின் முடிவை இணைப் பதிப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டேன். அவர் மறுக்கவுமில்லை, உடனே ஏற்கவுமில்லை. மொழியைச் செப்பனிட ஒருவரை உதவச் செய்தார். பயிற்சி பெறாத வகுப்போடு ஒப்பிட்டு மீண்டும் அளந்து வருமாறு பணித்தார். இருமுறை திருத்தம் நடந்தது. “நோயாளிகளின் பிழை குறைந்தது” என்ற வாக்கியம் போயிற்று. “பயிற்சி பெற்ற மாணவர், பெறாத மாணவரைக் காட்டிலும் அக்கேள்வியைக் கூடுதலாகக் கேட்டனர், நோயாளிக்கு விளைந்த பயனை இனித்தான் அளக்க வேண்டும்” என்ற வாக்கியம் வந்தது. முன்னதைவிடப் பின்னது சிறியது; ஆனால் அதன்மேல் ஒருவர் நம்பிக்கையோடு அடியெடுத்து வைக்கலாம். மூன்றாம் இதழில் அக்கட்டுரை வெளியாயிற்று.

அதே மூன்றாம் இதழில் வேறோர் அறிவிப்பும் வெளியிட நேர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது. எனினும் மறைப்பது முறையன்று. இரண்டாம் இதழில் நாங்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். பளிங்கு போன்ற ஆங்கிலம், அழகிய வரைபடங்கள். மதிப்பாய்வாளர் இருவரும் புகழ்ந்தனர். நானும் மகிழ்ந்து கையொப்பமிட்டேன். இதழ் வெளியான சில வாரங்களில் முதுகலை மாணவி ஒருவரிடமிருந்து ஒரு சிறு கடிதம் வந்தது. “ஒவ்வொரு பிரிவிலும் 25 மாணவர் என்று எழுதப்பட்டிருக்கிறது. 25 பேரில் ஒருவர் என்றால் 4 சதவீதம். ஆகவே 36 சதவீதம் வரலாம். 40 சதவீதம் வரலாம். அட்டவணையில் 38 சதவீதம் என்றிருக்கிறதே, அரை மாணவர் எங்கிருந்து வந்தார்?” என்பது கடிதத்தின் கேள்வி. பள்ளிக் கணக்கு, மூன்று பேர் படித்தும் எங்கள் கண்ணில் அது படவில்லை. அழகிய நடை எங்களை உறங்க வைத்துவிட்டது.

கட்டுரையாளரிடம் மூலத் தரவுகளைக் கேட்டோம். முதலில் காலம் கேட்டார். பிறகு கணிப்பொறி பழுதாகிவிட்டது என்றார். பின்னர் மறுமொழியே இல்லை. பதிப்பு நெறிகளுக்கென்று 1997-இல் தோன்றிய ‘கோப்’ என்னும் பன்னாட்டுக் குழு இத்தகைய நிலைகளுக்கு வழி வகுத்திருக்கிறது. அவ்வழியே சென்று, அவர் பணிபுரியும் நிறுவனத்திற்கு எழுதி, இறுதியாக அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தோம். திரும்பப் பெறுதல் என்றால் அழித்துவிடுதல் அன்று. கட்டுரை இருக்கும் இடத்திலேயே இருக்கும். அதன் நெற்றியில், ‘இதை நம்ப வேண்டா’ என்ற குறிப்பும் அதற்கான காரணமும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தை அழித்தால் பிழையும் மறைந்துவிடும். பிழை மறைந்தால் பாடமும் மறைந்துவிடும்.

மொழி மோசம் என்று எறியப்பட இருந்த கட்டுரை மெய்யானது. மொழியால் மயக்கிய கட்டுரை நம்பத் தகாதது. ஓராண்டில் நான் கற்ற முதற்பாடம் இதுவே.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? ஆசிரியர் ஒருவருக்குப் பதவி உயர்வு வேண்டுமாயின் இத்தனை கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று எண்ணிக்கை பார்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. எண்ணினால் எண்ணிக்கைதான் பெருகும். தேவை பெருகிய இடத்தில் கள்ளச் சந்தையும் தோன்றிற்று. கட்டணம் வாங்கிக்கொண்டு, சோதிப்பதாகச் சொல்லிச் சோதியாமலே வெளியிடும் போலி இதழ்கள் கிளம்பின. ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் அவற்றைப் பட்டியலிட்டு வந்தார். 2017 ஜனவரியில் அப்பட்டியல் நீக்கப்பட்டது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் நல்ல இதழ்களின் பட்டியலைப் பேணும் ‘கேர்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. 2025-இல் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே ஆராய்ந்து தெளியட்டும் என்று விட்டுவிட்டது. பட்டியல் வரும், போகும். படிப்பவர் கண் திறந்திருப்பதே நிலையான காவல். அரை மாணவரைக் கண்டுபிடித்தது எந்தப் பட்டியலும் அன்று. கூட்டல் கழித்தல் அறிந்த ஒரு மாணவி.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஆய்விதழ் நடத்த மூன்று வழிகள் உள. படிப்பவரிடம் சந்தா வாங்கலாம்; எழுதுபவரிடம் கட்டணம் வாங்கலாம்; அல்லது ஒரு சங்கமோ அரசோ தாங்கலாம். சந்தா வைத்தால் ஏழைக் கல்லூரி படிக்க இயலாது. கட்டணம் வைத்தால் ஏழைக் கல்லூரி எழுத இயலாது. அறிவு யாவருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று 2002-இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து ஓர் அறைகூவல் எழுந்தது. அதன் பின் பல இதழ்கள் தம் கதவைத் திறந்துவைத்தன. நம் நடுவணரசும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்திற்கு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300 அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்க வழி செய்யும் திட்டம் அது. பெரிய தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் பார்மசிக் கல்லூரிகளிற் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். அவை இத்திட்டத்தின் முதற்கட்ட வரம்புக்கு வெளியே நின்றன. ஆதலால், எங்கள் சிறிய இதழ் சந்தாவும் கட்டணமும் இன்றி, ஒரு சங்கத்தின் உறுப்பினர் தொகையைக் கொண்டே தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. நான்காம் இதழை அச்சிடப் பணம் போதாமல் கணினி வழி மட்டுமே வெளியிட்டோம். தாளின் மணத்தை இழந்தோம், கட்டுரையை இழக்கவில்லை.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஏற்றவற்றைவிட மறுத்தவையே மிகுதி. மறுப்புக் கடிதம் எழுதுவதில் எனக்கு இப்போது ஒரு விதி உண்டு. எந்தக் கட்டுரையை மறுத்தாலும், அதை எழுதியவர் அடுத்த முறை சிறப்பாகச் செய்யத் தக்க ஒரு செய்தியையேனும் அக்கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். அக்கடிதத்தைப் பெறுபவரும் ஓர் ஆசிரியர். அவர் முன்னே மறுநாள் காலை அறுபது மாணவர் அமர்ந்திருப்பர். அவர் சோர்ந்தால் வகுப்பும் சோரும்.

நேயர்களே, இதழியல் உங்கள் தொழில் அன்றாயிருக்கலாம்; பார்மசியும் உங்கள் படிப்பு அன்றாயிருக்கலாம். ஆயினும் இச்செய்தியில் உங்களுக்கும் பங்குண்டு. பார்மசி பயிலும் மக்களைப் பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியோ வங்காளமோ இந்தியோ குஜராத்தியோ, கல்லூரியில் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைக்கு இத்தொழிலில் கிடைத்தற்கரிய ஒரு கருவி கையிலிருக்கிறது. புதிதாக ஊர் வந்து இறங்கிய முதியவர்க்கு அவர் மொழியிலேயே மருந்தை விளக்க வல்ல மருந்தாளுநர், ஓர் உயிரைக் காத்தவராகவே ஆகலாம். பிள்ளைகள் தமிழை மறவாதிருக்கச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து வாங்கச் செல்வோர்க்கும் ஒன்று. கடைக்காரர் கேட்கவில்லையெனில் நாமே கேட்போம். “எத்தனை, எப்போது, எத்தனை நாள்” என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையை அவர் எதிரிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டுவோம். நாள் கணக்கா, வாரக் கணக்கா என்பதை உறையின்மேல் தமிழில் எழுதிக்கொள்வோம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால், அவர்கள் வாங்கி வரும் உறையை அன்றைக்கே பிரித்துப் பார்ப்போம். இதற்கு ஆய்விதழ் எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை.

என் தாயார் இன்றும் அதே மாத்திரையை உண்டு வருகிறார். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை. அட்டை தீர்ந்து கடைக்குப் போகும்போது, கடைக்காரர் வாய் திறக்குமுன் அவரே, “ஹஃப்தே மே ஏக் பார், இத்வார்” என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார். அடுத்த ஆண்டின் முதல் இதழுக்குக் கட்டுரைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர் மீண்டும் எழுதியிருக்கிறார். இம்முறை நோயாளிகளிடமே சென்று அளந்து வந்திருக்கிறாராம். அதையும் இணைப் பதிப்பாசிரியரிடமே ஒப்படைத்துவிட்டேன்.